உடைசல் மேட்டில் ஓர் ஆண் கீரை

நான் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தது உடைந்த கோப்பைகளின் மேல். விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடி, மூக்கு போன கொலு பொம்மை, கோணிப்போன சாசர் என்று விற்க முடியாததெல்லாம் எங்கள் பீங்கான் யூனிட்டின் பின்பக்கம் ஒரு மேடாகக் கிடக்கும். உடைசல் மேடு என்போம். புரட்டாசி வெயில் சுள்ளென்று அடித்தது. முழங்காலில் ஒரு சில்லு குத்தி ரத்தம் வந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. கண்ணில் லென்ஸ், லென்ஸுக்கு எதிரே ஒரு கீரைப் பூ.

அந்தப் பூவில் மகரந்தப் பைகள் மட்டும் இருந்தன. சூலகம் இல்லை. அடுத்த பூவைப் பார்த்தேன், அதிலும் இல்லை. கதிரின் நுனி, நடு, அடி என்று ஒவ்வோர் இடமாகக் கிள்ளிக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். எங்குமே இல்லை. முழுச் செடியும் ஆண்.

"தாஸண்ணே, சீக்கிரம் இங்க வாங்க" என்று கத்தினேன்.

சூளையைப் பார்த்துக்கொள்ளும் ஆரோக்கியதாஸ் அண்ணன் தடியோடு ஓடி வந்தார். பாம்பு என்று நினைத்துவிட்டார்.

"எங்க கெடக்குது?"

"பாம்பு இல்லண்ணே. இந்தக் கீரைல ஒரு பொம்பளப் பூ கூட இல்ல."

அவர் தடியைக் கீழே ஊன்றிக்கொண்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வெயில்ல உக்காராத தம்பி. உள்ள வந்து ஒரு டீ குடி" என்றார்.

ஊசித்துளை பார்க்கிறவன்

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தாவரவியல் படித்தவன். பார்க்கிற வேலையோ கோப்பை பார்ப்பது. விருத்தாசலத்தில் பிறந்தவன் எதைப் படித்தாலும் கடைசியில் களிமண்ணில் வந்துதான் விழ வேண்டும் என்று என் மனைவி வசந்தி கேலி செய்வாள். அது முழுப் பொய் இல்லை.

யூனிட்டில் எனக்குத் தரச்சோதனை. சூளையிலிருந்து வரும் பண்டத்தின் பளபளப்பில் ஊசி முனை அளவுக்குத் துளை விழுந்திருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. லென்ஸ் வைத்துப் பார்த்து, இருந்தால் ஒதுக்க வேண்டும். கல்லூரியில் பூவின் உள்ளுறுப்பைப் பார்க்க வாங்கிய அதே லென்ஸ்தான் எனக்குச் சோறு போடுகிறது. உணவு இடைவேளையில் அது மறுபடி பழைய வேலைக்குப் போய்விடும். அந்த நேரத்தில் உடைசல் மேட்டைச் சுற்றி என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பேன்.

இந்தப் பழக்கத்தால் வீட்டில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. வசந்தி கீரை ஆய உட்கார்ந்தால் நானும் எதிரில் போய் உட்கார்ந்துவிடுவேன். ஒருமுறை அவள் அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டுக் கீரைக்காகக் காத்திருக்க, நான் கட்டைப் பிரித்து வகை வகையாகத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னாங்க, அது சாப்புடுறதுக்கு வாங்குனது. பேரு வெக்கிறதுக்கு இல்ல" என்றாள்.

"ஒரே கட்டுல மூணு சாதி இருக்குது வசந்தி."

"மூணும் ஒரே சட்டிலதான் வேவப் போவுது. குடுங்க இப்படி."

பார்க்கிற எல்லாவற்றையும் "ஏதோ ஒரு கீரை" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டுக்காரரை "யாரோ ஒரு ஆளு" என்று சொல்வோமா? தினமும் வாசலில் நிற்கிறது, அதற்கென்று ஒரு முகம் இருக்கிறது. பார்த்தால்தானே தெரியும்.

நமக்குத் தெரிந்த முகங்கள்

முள்ளுக்கீரையைக் குழந்தைகூடச் சொல்லும். இலைக்கணுவில் இரட்டை முள் நிற்கும். குப்பைக்கீரை சாக்கடையோரம், சுவரோரம் எங்கும் வரும். அதன் காயை லென்ஸில் பார்த்தால் தோல் முழுக்கச் சுருக்கம். பழுத்தாலும் வெடிக்காது, அப்படியே உதிர்ந்துவிடும். தண்டுக்கீரையின் காய் வேறு மாதிரி. குங்குமச் சிமிழுக்கு மூடி திறப்பது போல மேல்பாதி வட்டமாகக் கழன்று விழும், உள்ளே பளபளவென்று ஒரே ஒரு கறுப்பு விதை இருக்கும்.

முகம் இப்படி ஆளுக்கொரு தினுசாக இருந்தாலும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குணம் உண்டு. ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் இருக்கும். பெரும்பாலும் ஒரே கொத்துக்குள்ளேயே கலந்து கிடக்கும். முள்ளுக்கீரை மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். அதன் உச்சிக் கதிரில் ஆண் பூதான் அதிகம், பெண் பூக்கள் கீழே இலைக்கணுக்களில் உருண்டையாக உட்கார்ந்திருக்கும். உச்சியை மட்டும் பார்த்துவிட்டு ஆண் செடி என்று குதித்தால் மானம் போய்விடும்.

அதனால் அன்று நான் அடித்தண்டு வரை பார்த்தேன். முள் இல்லை. கணுவில் உருண்டை இல்லை. தண்டில் முடி இல்லாமல் வழவழவென்று இருந்தது. மேட்டில் அதே மாதிரி இன்னும் இரண்டு செடி நின்றன, அவையும் ஆண். கதிர் ஒரு முழத்துக்குக் கிளையே இல்லாமல் நேராக நீண்டிருந்தது. தட்டினால் மஞ்சள் தூள் பறந்தது.

அப்புறம் இலை. கீழிலை ஒன்றைப் பறித்து, காம்பை அப்படியே இலையின் மேல் மடக்கி வைத்தேன். காம்பு இலையின் நுனியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இலையை விடக் காம்பு நீளம்! இப்படி ஒரு கீரையை நான் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். அமராந்தஸ் பால்மெரி என்று பெயர். அமெரிக்காவில் பருத்திக் காட்டுக்காரர்களைத் தூங்கவிடாமல் செய்கிற களை அது. விருத்தாசலத்தில் உடைந்த சாசருக்கு நடுவில் அதற்கு என்ன வேலை?

"பொண்ணு எங்கப்பா?"

கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்த மேடம் ஓய்வு பெற்றுச் சிதம்பரத்தில் இருக்கிறார். அங்கே நின்றபடியே வீடியோ காலில் கூப்பிட்டேன். நான் பேசிய வேகத்தில் பாதி அவருக்குப் புரியவில்லை.

"மூச்சு விட்டுட்டுப் பேசு. கீழ்க்கணு பாத்தியா?"

"பாத்துட்டேன் மேடம்."

"காம்ப மடக்கிப் பாத்தியா?"

காட்டினேன். அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. வகுப்பில் அவர் சந்தோஷப்பட்டால் எழுந்து நிற்பார், அது எனக்கு நினைவுக்கு வந்தது.

"சரி, ஆண் கெடச்சிருச்சி. பொண்ணு எங்கப்பா?" என்றார். "பேர முடிவு பண்ணணும்னா பெண் கதிரும் காயும் பாக்கணும். ஆனா அது பழுத்துக் கொட்டிடிச்சின்னா அவ்வளவுதான். ஒரு செடி லட்சக்கணக்குல வெதை போடும். பக்கத்துல எங்கயாச்சும் நிக்கும், போய்த் தேடு."

இதுதான் இந்தச் செடியின் வம்பு. இன்னதுதான் என்று அடித்துச் சொல்லக் காய் பழுக்க வேண்டும். காய் பழுத்தால் ஊருக்கு ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும். நான் ஓடினேன்.

எப்படி வந்திருக்கும் என்பதை ஓடும்போதே ஊகித்துவிட்டேன். உடைந்த பண்டத்தை வாரிக் கொட்டக் கோழித் தீவனச் சாக்குகளை மொத்தமாக வாங்குவோம். தீவனத்துத் தானியம் எந்த நாட்டிலிருந்தெல்லாமோ வருகிறது. சாக்கை உதறுகிற இடம் உடைசல் மேடு. மூன்று செடியும் அந்த இடத்தில்தான் நின்றன.

அந்தச் சாக்கை எங்களிடமிருந்து வாங்கிப் போகிறவர் ஒருவர் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் குத்தகை நிலத்தில் கீரை போடும் கொளஞ்சி அக்கா.

சிவப்புத் துணி கட்டிய செடி

கொளஞ்சி அக்கா தண்டுக்கீரை போடுவார். பச்சைத் தண்டு, நார் இல்லாமல் வெண்ணெயாக வேகும். மார்க்கெட்டில் அவர் கூடையை இறக்குவதற்கு முன்பே ஆள் நிற்கும். கடையில் விதை வாங்கி அவர் விதைத்ததே இல்லை. ஒவ்வொரு முறையும் பாத்தியிலேயே வாட்டசாட்டமாக நிற்கிற நாலைந்து செடியை அறுக்காமல் விதைக்கு விடுவார். யாரும் தெரியாமல் பிடுங்கிவிடக் கூடாது என்று அவற்றுக்கு ஒரு கிழிசல் துணியைக் கட்டிவிடுவார். இந்தப் பக்கம் கீரை போடுகிற எல்லோருக்கும் அது வழக்கம்.

நான் போன நேரம் அவர் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. நானே ஒன்னக் கூப்புடணும்னு இருந்தேன். இத என்னா கீரன்னு சொல்லு பாப்பம்."

பாத்தியின் கடைசியில், என் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், சிவப்புத் துணி கட்டிக்கொண்டு நின்றது. கதிர் ஒவ்வொன்றும் தடித்த கயிறு மாதிரி தொங்கியது. தொட்டேன். சுருக்கென்று குத்தியது. பெண் கதிர்தான் குத்தும் என்று படித்திருக்கிறேன், ஆண் கதிர் மெத்தென்று இருக்கும். லென்ஸை வைத்தேன். ஒரு மகரந்தப் பைகூட இல்லை. அடியில் காய் முற்றி, நகத்தால் தட்டியதும் மூடி கழன்றது.

"கெடச்சிருச்சிக்கா! பொண்ணு கெடச்சிருச்சி!"

அக்கா சிரித்துவிட்டார். "யாருக்குப் பாத்த பொண்ணு தம்பி?"

எனக்கு வாய் நிற்கவில்லை. கதிரைக் காட்டினேன், காம்பை மடக்கிக் காட்டினேன், லென்ஸை அவர் கண்ணில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவரும் ஆர்வமாகத்தான் பார்த்தார். "கோடை பூரா தண்ணியே காட்டல. ஒரு எலை வாடல பாரு" என்று பெருமையாகச் சொன்னார். "அடுத்த பட்டத்துக்குப் பாத்தி முச்சூடும் இதத்தான் போடப் போறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நேரம் நான் கொண்டாடியதை இப்போது அவரிடம் களை என்று சொல்ல வேண்டும். சொன்னேன். இது விழுந்த நிலத்தில் வேறு எதுவும் தலையெடுக்க முடியாது என்றேன். நாற்றில் பார்த்தால் இதற்கும் அவர் கீரைக்கும் வித்தியாசமே தெரியாது, தெரிகிற நேரத்துக்கு இடுப்பு உயரம் வந்துவிடும் என்றேன்.

"நான் ஆசையா வெதைக்கி வுட்டத நீ களைங்குற" என்றார். கோபம்தான். ஆனால் கண் என்னை விட்டு நகரவில்லை. "நெசமாவா தம்பி?"

"மேடத்துக்கிட்டயும் கேட்டுட்டேன்க்கா."

வெற்றிலையைத் துப்பிவிட்டு அவர் அப்படியே வரப்பில் அமர்ந்தார். "முந்தாநேத்துதான் நுனிக் கதிர ஒடிச்சிக் கசக்கி ஜாடில போட்டேன்" என்றார். "என் வெதையோட."

ஜாடிக்குள் கலந்தது

அது எங்கள் யூனிட் ஜாடி. கழுத்தில் லேசாகக் கோணல் என்று நானே ஒதுக்கியது. அதற்குள் வேப்பிலையும் சாம்பலும் போட்டு, அக்கா தன் விதை முழுவதையும் வைத்திருந்தார். வருஷக்கணக்காக ஒவ்வொரு பாத்தியிலும் அவரே பார்த்துப் பார்த்துத் தேறவைத்த விதை. அவர் கீரைக்கு மார்க்கெட்டில் இருக்கும் பெயரெல்லாம் அந்த ஜாடிக்குள்தான் இருந்தது. வேறு எங்கும் அவர் வைத்திருக்கவில்லை.

ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் கொட்டினேன். எல்லாம் கறுப்பு, எல்லாம் பளபளப்பு. லென்ஸில் பார்த்தாலும் அதே கறுப்பு, அதே பளபளப்பு. உட்கார்ந்து பார்த்துக் கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம்.

சல்லடை ஞாபகம் வந்தது. பண்டத்துக்குப் பூசும் கலவையை வடிக்க யூனிட்டில் விதவிதமான துளையளவில் சல்லடை உண்டு. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்தேன். அக்காவும் நம்பிக்கையோடு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றில் எல்லா விதையும் விழுந்தது. அடுத்ததில் எதுவுமே விழவில்லை. நடுவில் இருந்ததில் பாதி விழுந்தது, பாதி நின்றது. எந்தப் பாதி யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

"முளைக்கப் போட்டுப் பாக்கலாம்க்கா. நாலு எலை வந்ததும் ஒவ்வொண்ணா காம்ப மடக்கிப் பாத்துக் களைஞ்சிடலாம்."

"கீர நாத்து எப்பிடி மொளைக்கும்னு தெரியாத மாதிரி பேசுற. மயிரு மாதிரி வரும். எத்தினின்னு மடக்குவ? ஒண்ணு தப்பிச்சிதுன்னா?"

அவர் ஜாடியை மூடித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை எனக்கு வேலையே ஓடவில்லை. துளை விழுந்த கோப்பைகள் எத்தனை என் கண்ணில் படாமல் கடைக்குப் போயினவோ, தெரியாது.

சூளைக்குள் கீரை

மறுநாள் காலையில் யூனிட் வாசலில் அக்கா நின்றார். தலையில் பெரிய மூட்டை, இடுப்பில் ஜாடி. செடியை வேரோடு பிடுங்கிச் சேலைத்துணியில் கட்டியிருந்தார். ஒரு கதிர்கூட உதிராமல் கட்டியிருந்தார். செடி நின்ற இடத்து மேல்மண்ணையும் சுரண்டி எடுத்து வந்துவிட்டார்.

"இத சும்மா கொளுத்துனா பாதி வெதை தெறிச்சிப் பொழச்சிக்கும். ஒங்க சூளைல வெச்சிடு தம்பி" என்றார்.

"ஜாடிய எதுக்குக்கா எடுத்தாந்தீங்க?"

"அதயுந்தான்."

இன்னும் ஒருமுறை யோசிக்கலாமே என்றேன்.

"வெதை போனா எங்கயாச்சும் கேட்டு வாங்கிக்கலாம். நெலம் போனா யாரக் கேக்கறது? அதும் அடுத்தவங்க நெலம். நாளைக்கி அவங்க மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

அடுத்த தடை தாஸண்ணன். அவர் சூளை பற்றவைக்கும் முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார், யூனிட்டுக்காரர்களுக்காகக் கற்பூரமும் ஏற்றுவார். அவர் சூளைக்குள் பச்சையாக எதுவும் போகக் கூடாது.

"பண்டத்து மேல பொகை ஏறிடும். கீர வேவ வெக்கிறதுக்கு வேற எடம் பாரு" என்றார்.

நல்ல வேளையாக அன்று முதல் சூடு. பூச்சு பூசாத வெறும் களிமண் பண்டம்தான் அடுக்கப் போகிறார்கள், அதில் புகை ஏறினாலும் பாதகம் இல்லை. அந்தக் காலத்து நிலக்கரிச் சூளையில் பண்டத்தை மூடி வைக்கும் தடித்த மண் பெட்டிகள் இரண்டு மேட்டில் கிடந்தன. அவற்றைக் கழுவி, ஆண் செடிகள், பெண் செடி, சுரண்டிய மண், கடைசியில் ஜாடியிலிருந்த விதை என்று எல்லாவற்றையும் போட்டு, மூடியைக் களிமண்ணால் பூசினேன். விதையைக் கொட்டும்போது அக்கா திரும்பிக்கொள்ளவில்லை. ஜாடியைக் கவிழ்த்து, அடியைத் தட்டித் தட்டிக் கொட்டினார். விஷயத்தைக் கேட்டதும் தாஸண்ணன் மறுபேச்சுப் பேசாமல் பெட்டிகளை அவர் கையாலேயே உள்ளே வைத்தார்.

மேடத்துக்காக மட்டும் ஓர் ஆண் கதிரும் முற்றாத ஒரு பெண் கதிரும் எடுத்து வைத்திருந்தேன். பிளாஸ்டர் அச்சு களிமண்ணின் ஈரத்தை எப்படி உறிஞ்சும் என்று எங்கள் ஊருக்குத் தெரியும். இரண்டு பிளாஸ்டர் பலகைக்கு நடுவில் வைத்து அழுத்தினேன். செய்தித்தாளில் வைத்தால் பழுத்துப்போகிற இலை, இதில் பச்சை மாறாமல் காய்ந்தது. இந்த வித்தையைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை என்று மேடத்திடம் பீற்றிக்கொண்டேன். அவர் அதை ஒப்புக்கொண்டார், நான் எடுத்தனுப்பிய முற்றிய காயின் படத்தையும் பார்த்துச் செடியின் பெயரை உறுதி செய்தார். வேளாண்மை அலுவலகத்துக்கும் அவரே தகவல் சொல்ல, ஆட்கள் வந்து சுற்றுவட்டாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேறு செடி இல்லை.

சூளை ஆறியதும் பெட்டிகளைத் திறந்தோம். அக்கா எட்டிப் பார்த்தார். அடியில் ஒரு பிடி வெள்ளைச் சாம்பலும் வெந்த மண்ணும் கிடந்தன.

"இம்மாந்தானா?" என்றார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

ஸ்ரீமுஷ்ணம் பஸ்

"வெதை யாருகிட்டக்கா கேப்பீங்க?" என்று நானாகத்தான் கேட்டேன்.

"என் வெதையவே கேக்கணும். கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன், எல்லாரும் வெதைக்கி வுடாம தின்னுட்டாங்க. ஸ்ரீமுஷ்ணத்துல வாக்கப்பட்ட எங்க தெருப் பொண்ணு சகுந்தலை ஒருத்தி வெச்சிருந்தாலும் வெச்சிருப்பா. கட்டிக் குடுத்துப் போவறப்ப ஒரு மடி வாங்கிட்டுப் போனா."

"போன்ல கேளுங்க."

"இத போன்ல கேப்பாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம். அக்கா ஜன்னல் வழியாகத் தெரிந்த ஒவ்வொரு பாத்தியையும் பார்த்துக்கொண்டே வந்தார். சகுந்தலை அதையும் தின்று தீர்த்திருந்தால் என்ன செய்வது என்பதே என் யோசனையாக இருந்தது.

சகுந்தலையின் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பாத்தி. அதில் பச்சைத் தண்டு நாலு, பூத்துக் காய்த்து, துணி கட்டிக்கொண்டு நின்றன. அக்கா கிட்டே போகாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நீ பாத்துச் சொல்லு தம்பி. எனக்கு பயமா இருக்குது."

நான் லென்ஸோடு உட்கார்ந்தேன். முதல் கொத்திலேயே ஆண் பூவும் பெண் பூவும் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்தன. அடுத்த செடியிலும் அப்படித்தான். நாலிலும் அப்படித்தான். வாழ்க்கையில் எத்தனையோ பூ பார்த்திருக்கிறேன், எதைப் பார்த்தும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"ஒரே கொத்துல ரெண்டும் இருக்குதுக்கா. ஒங்க கீரதான்."

அக்கா வேலியைத் தாண்டி வந்து ஒவ்வொரு செடியாகத் தொட்டுப் பார்த்தார். விஷயத்தைக் கேட்ட சகுந்தலை உள்ளே போய் ஒரு தூக்குச் சட்டியை எடுத்து வந்தாள். போன பட்டத்து விதை. அப்படியே அக்காவின் மடியில் கவிழ்த்துவிட்டாள்.

"என்னாடி இது, மொத்தமும் கொட்டிட்ட?"

"ஒங்க வெதைதானக்கா. எடுத்துக்கிட்டுப் போங்க."

அக்கா மடியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி, தூக்குச் சட்டியில் திருப்பிப் போட்டார். பாதி போதாது என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டு மூடியை அழுத்தி மூடினார்.

"எல்லாத்தையும் எனக்கே குடுத்துட்டன்னா, நாளைக்கி எனக்கு மறுபடி ஒண்ணு ஆச்சின்னா நான் யாரு வூட்டுக்கு வரது?"